பெருவிரல்

யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் கைரேகை மெஷின்
மூன்றாம் தரமும் என்னை இல்லை என்றது.
"அக்கா, விரலை ஊதிப் பாருங்கோ" என்றான் நிரோஜன்.

ஐம்பத்திரண்டு வயது. சோழகம் வேறு.
முழங்காலில் நகம் பட்டால் வெள்ளைக் கோடு.

சவுக்காரத்தை மாற்றினேன்.
கிணற்றுத் தண்ணீரை மாற்ற ஏலாது;
கேத்தலில் படிகிற சுண்ணாம்பு
என் மேலிலும் கொஞ்சம் படிகிறது.

பரு மருந்து வாங்கின அதே பார்மசியில்
இப்போது யூரியா கிரீம்.
யூரியாவென்றால் எனக்கு
வெங்காயத் தோட்டத்து மூட்டைதான்.
"ஈரம் காய முதல் பூசுங்கோ அன்ரி" என்றாள் கடைப்பிள்ளை.
இங்கே அன்ரி.

பாதி துவட்டி, கால், கை,
கடைசியில்
வலது பெருவிரலுக்குத் தனியாக ஒரு பொட்டு.

எட்டு இருபத்தெட்டு. பச்சை.
திரையில் இடம் போதாமல்
புவனலோசினியில் பாதி
வேலைக்கு வந்துவிட்டது.