கூரைக்கு ஒரு திரைச்சீலை

கண்ணாடி நார்ப்பாயின் விலையைக் கேட்டுவிட்டு
உட்துறைமுக வீதியால் நடந்தே திரும்பினேன்.
பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறையும்
அந்த விலைக்குள் போய்விட்டது போலிருந்தது.

வாசலில் நிற்கிறது
ஐஸ் மீன் ஏற்றின பழைய பட்டா லொறி.
மீன் வாசம் போக மூன்று மாதம்,
பிளைவூட் பெட்டி பூட்ட இரண்டு.
உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு,
சோதனைக் குழாய்களுக்கு ஒரு தட்டு.
கிணறு கிணறாய்த் தண்ணீர் மொண்டு
உப்பு அளக்கிற உத்தியோகம் எனக்கு.
இனிக் குச்சவெளியில் இருட்டினால் குச்சவெளியில் படுக்கலாம்,
வெருகலில் என்றால் வெருகலில்.
கூரை மட்டும் இன்னும் வெறும் பலகை.
ஐப்பசிக்கு ஐந்து கிழமை.

"துணி எதுவானாலும் ரெசின் குடிக்கும்,
குடித்தால் கல்லாகும்" என்றேன்.
கிண்ணியாவில் வள்ளம் வார்க்கிற நௌசாத்
சிரித்ததில் தேத்தண்ணி மேசையெல்லாம் தெறித்தது.
"அப்ப சாரத்தில ஒரு வள்ளம் கட்டுவமா, மிஸ்?"

வெட்டி மிஞ்சின பலகைத் துண்டுகளில்
ஒவ்வொன்றாய் ஒட்டிப் பார்த்தேன்.
பருத்தி வேட்டி குடித்தது, குடித்தது,
என் சம்பளத்தில் பாதியைக் குடித்தபின்னும்
அங்கங்கே வெளிறிக் கிடந்தது.
அரிசிச் சாக்கு அப்பளமாய்க் கழன்றது.
பிறகு, பரணில் கிடந்த நீலத் தறப்பாள்:
எட்டு மாதம் ஏழு பேரை மூடி நின்றது,
மூலையில் இன்னும் எங்கள் கொட்டில் இலக்கம்.
அதற்கென்று கொஞ்சம் கூடுதலாகவே பூசினேன்.
விடிய, நகத்தால் தொட்டதும்
முழுசாய் எழும்பி வந்துவிட்டது,
ஒரு துளியும் ஏற்காமல்.
எதிலும் ஒட்டாமல் இருக்க
அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று
நான் கேட்கவில்லை.

ஆறாவது துண்டைக் காயவைத்தேன்,
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் தின்றது.
ரெசின் பூசமுன்னம், நல்ல காலம்.

பாலையூற்று மெற்றில்டா திரைச்சீலை தைப்பவள்.
யாரோ கலியாணம் குழம்பி எடுக்காமல் விட்ட
பன்னிரண்டு யார் பொலியெஸ்டரை
கொள்விலைக்குத் தந்தாள்.
இழை இளக்கம், உட்பூச்சில்லை,
முழுக்கச் செம்மஞ்சள் செவ்வரத்தம் பூ.
குறட்டால் இழுத்தேன்.
துணி வரவில்லை,
பலகையின் தோல் வந்தது.
துண்டை நௌசாத்துக்குக் கொண்டுபோனேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தான், கடித்தும் பார்த்தான்.
"வள்ளத்துக்கு வேணாம்" என்றான். "கூரைக்குப் போதும்."

கச்சான் எழும்பமுதல், அதிகாலை நாலு மணி.
இரண்டுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று,
வாய் முணுமுணுக்கக் கை கலக்குகிறது.
முதல் கோப்பை பிந்திப்போய்
புகைந்து, உருகி, கையுறையைச் சுட்டது.
அடுத்ததைச் சின்னதாய்க் கலந்தேன்.
றோலர் போகப் போக
துணி மெல்லக் காணாமற் போகிறது.
பூ மட்டும் கறுத்து நிற்கிறது,
பூவுக்குக் கீழே என் பென்சில் கணக்கு,
அதில் பிழையான ஒரு கூட்டலும்
இனி எந்த அழிறப்பருக்கும் எட்டாமல்.
குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளினேன்.
ஒன்று அடம்பிடித்தது, ஊசியால் குத்தினேன்.
கடற்படைத் தளத்தில் சங்கு ஊதும்போது
முழங்கால் இரண்டும் லொறியோடு ஒட்டியிருந்தன.

வெயிலுக்கு ரெசின் மஞ்சளாகும், வெடிக்கும்,
மேலே வெள்ளை அடிக்கச் சொன்னான் நௌசாத்.
அடித்தேன். பின்மூலையில்
இரண்டு சாண் அளவுக்குப் பெயின்ற் காணவில்லை.
கடை பூட்டியிருந்தது. அன்றிரவே மழை.

கட்டிலில் மல்லாந்து கிடந்து
டோர்ச் அடித்து அடித்துப் பார்த்தேன்.
மேலே ஒரு பொட்டு ஈரமில்லை.
யன்னல் ரப்பரால் ஒழுகி
தலையணை நனைந்தது, அது வேறு கதை.

மூலையை இன்னும் மூடவில்லை.
காலையில் ஒரு காகம் வந்து
அந்தப் பூவைக் கொத்துகிறது, டொக், டொக்.
தலையைச் சரித்து ஒரு தரம் யோசித்துவிட்டு
மறுபடி கொத்துகிறது.