உப்பின் அளவு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கலாமாவுக்குப் போகிறோம்.
யாஸ்னாவின் முழங்கை மடிப்பில்
நரம்பு தேடும் ஆய்வகப் பெண்ணுக்கு
எங்கள் பெயர் மனப்பாடம்.
கடைசி மாத்திரை விழுங்கிப்
பன்னிரண்டு மணி நேரமாயிற்றா என்பாள்.
லித்தியம்.
கொஞ்சம் மிஞ்சினால் நஞ்சு,
கொஞ்சம் குறைந்தால் வெறும் உப்பு.

அந்த உவர்நீரைப் பாலைவனத்திலிருந்து
கடற்கரை ஆலைக்கு லாரியில் ஓட்டுபவன் நான்.
"உன் பூட்ஸை நக்கினால் போதாதா,
மருந்துக்கடைக்கு எதற்குக் காசு?" என்பாள்.

முதல் மருத்துவர் ஜூலையை மட்டும் பார்த்தார்:
போர்வைக்குள் சிக்குப்பிடித்த தலைமுடி,
வற்றிக் கருகிய கெட்டில்.
மனச்சோர்வு என்றார், மாத்திரை எழுதினார்.
மூன்றாம் வாரம் எழுந்தாள்.
எழுந்தவள் படுக்கவேயில்லை.
கேட்காமலே எலூத்தேரியோ வீட்டுச் சுவருக்கு
விடிகாலை நாலு மணிக்கு ஆரஞ்சு வண்ணம்.
கடனில் ஆறு தையல் இயந்திரங்கள்.
அட்டகாமாவில் நாளை மழை என்று
வானொலி நிலையத்துக்கு ஒன்பது முறை தொலைபேசி.

டாக்டர் பர்ராசா
அவளை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்:
"இதற்கு முன்பு,
தூங்காமலும் களைக்காத நாட்கள் உண்டா?"

உண்டு.
அப்படியொரு வாரத்தில்தான் சந்தித்தோம்.
அரிக்கா வரை மூன்று இரவுகள்
அவள் பேசிக்கொண்டே வந்தாள்,
நான் ஓட்டிக்கொண்டே போனேன்.
என் வாழ்வின் நல்ல நாட்கள் என்று
இத்தனை காலம் பொத்தி வைத்திருந்ததை
அவர் தாளில் ஒரு மேடாக வரைந்தார்.
பக்கத்தில் ஒரு பள்ளம், தேதியோடு.

மூலையிலிருந்து யாஸ்னா சொன்னாள்:
"அந்தக் காரில் இருந்ததும் நான்தான்.
எழுதிக்கொள்ளுங்கள்."
டாக்டர் எழுதிக்கொண்டார்.
இருமுனைக் கோளாறு என்றதும் கேட்டாள்:
"இரண்டு முனையென்றால்
நடுவில் குடியிருப்பது யார்?"

ஐந்து இயந்திரங்களைத் திருப்பிக் கொடுத்தோம்.
ஆறாவதில் திரைச்சீலை தைக்கிறாள்.
தீராத தாகம்; பக்கத்தில் எப்போதும் ஒரு கூஜா.
விரல் நடுங்குவதால்
நூல் கோப்பது என் வேலை.
சுமாராகக் கோப்பேன்.

போன ஞாயிறு
மூக்கில் தேநீர் ஏறும்வரை சிரித்தாள்.
என் கண் கடிகாரத்துக்குப் போனது.
நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாள்,
எத்தனை மணிக்கு...
பார்த்துவிட்டாள்.

"ஏழரை மணி நேரம், ஒஸ்வால்தோ.
எண்ணாதே. ஜன்னலைப் பார்.
எலூத்தேரியோவின் நாய்
நம் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது."

ஓடிக்கொண்டிருந்தது.
முழு ரொட்டி.