பலகைக்காரி

ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை.
கைப்பிடி மட்டும் இரண்டுக்கும் பொது.
நாளுக்கு இரண்டாயிரத்து இருநூறு ரூபா,
பகல் சோறு சொந்தச் செலவு.
ஹட்டன் கீழ்க்கடை வீதியில்
ஏழு மாதமாக நான் காட்டித்தான்
பஸ் நிற்கிறது, லொறி நகர்கிறது.
கொழுந்து ஏற்றிய டிராக்டரிலிருந்து
என்னைத் தெரிந்தவர்கள்
தெரியாதவர்கள் போலப் பார்த்துப் போகிறார்கள்.

பெக்கோ வந்த முதல் நாள்
நவ்பர் நானா தன் கடைப் படியில் உட்கார்ந்துகொண்டார்.
"எம்மேல ஏத்திட்டு உடைங்க."
மூன்றாம் நாள் மழை.
படியை விட்டுவிட்டு
அரிசி மூட்டைகளைத் தூக்க ஓடினார்.
அந்த நேரம் பார்த்து உடைத்தான் டிரைவர்.
அடுத்த வாரம் இருவரும்
ஒரே கேத்தலில் பிளேன்டீ குடித்தார்கள்.

காளியப்பன் மகள் யோகமலர்
கைத்தடியோடு வந்து பார்ப்பாள்.
போன வருஷம் ஆனி மழையில்
நடக்க இடமில்லாத வளைவில்
பஸ் அவளைத் தட்டிய பிறகுதான்
கொழும்பில் இந்தக் கோப்பு திறந்ததாம்.
"இது எங்காலுக்குப் போடுற ரோடு,
அகலம் காணுமான்னு பாத்துக்க."
நடைபாதைக் கல் பதிக்கிற பையன்கள்
அவள் வந்தால் மட்டும்
ரசமட்டத்தை இன்னொரு தடவை வைப்பார்கள்.

பழைய பைப்பு ஆறடி ஆழத்தில் கிடந்தது.
வெள்ளைக்காரன் வார்த்த இரும்பு,
முதுகில் தேய்ந்த எழுத்து, 1908.
அறுத்துப் பார்த்தால்
துரு உள்ளுக்குள் வளர்ந்து வளர்ந்து
நடுவில் சுண்டுவிரல் போகிற ஓட்டை.
விமலசேன பாஸ் விரலை விட்டுக் காட்டினார்.
இத்தனை காலம்
டவுன் முழுக்கக் குடித்தது அதன் வழியாக.

பதினேழாம் திகதி
பக்கத்தில் இன்னொன்று அகப்பட்டது.
கறுப்பு ரப்பர் பைப்பு, அரை இஞ்சி,
சைக்கிள் டியூப் சுற்றிய முடிச்சு.
வரைபடத்தில் இல்லை.
டீ.ஓ. மிஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது எங்க போகுது?"
பாஸ் உதட்டைப் பிதுக்கினார்.
பெக்கோ தூக்கிய கையை இறக்காமல் நின்றது.

எனக்குத் தெரியும்.
மார்க்கெட்டுக்குப் பின்னால் பள்ளத்தில்
பதினொரு வீடுகள்.
கடைசி வீட்டு வாசலில்
அந்தத் தண்ணீரில்தான்
விடிய நான் முகம் கழுவினேன்.
முடிச்சு என் புருஷன் கட்டியது, ஒரு ராத்திரியில்,
நான் டோர்ச் பிடிக்க.
அவன் இப்போது டோஹாவில்.

பலகையைக் கீழே போட்டேன்.
இரண்டு பக்கமும் வண்டிகள் குழம்பி நின்றன,
ஹோர்ன் சத்தம் எதிர் மலையில் முட்டித் திரும்பியது.
"எங்களோடது, மிஸ்."

அவர் ஏசவில்லை.
எத்தனை வீடு, எத்தனை பேர் என்றார்.
பென்சிலால் வீதியிலிருந்து பள்ளத்துக்குப்
புள்ளி புள்ளியாக ஒரு கோடு.
புதிய நீலப் பைப்பில் ஒரு கிளை வைத்து
இப்போதைக்கு மூடி போடச் சொன்னார்.
"விண்ணப்பம் குடுங்க, அக்கா."
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"காணிக் கடுதாசி இருக்கா?"

பாஸ் கறுப்புப் பைப்பை அறுத்தார்.
கொஞ்ச நேரம் ஒழுகியது.

சித்திரைக்கு முன் தார் விழுந்தது.
கான் மூடியாயிற்று, கடைக்குள் வெள்ளம் இல்லை.
வளைவில் மஞ்சள் கடவை, இரண்டு விளக்குக் கம்பம்.
யோகமலர் அவசரமே இல்லாமல்
மூன்று தடவை அங்கும் இங்கும் கடந்தாளாம்,
பார்த்தவர்கள் சொன்னார்கள்.
பலகை லொறியேறிப் போய்விட்டது.

இன்று காலை
பஸ் ஸ்டாண்ட் குழாயில் பிடித்த
இரண்டு கேனோடு கடவையில் கால் வைத்தேன்.
நுவரெலியா பஸ் நின்றது.
டிரைவர் தலையை நீட்டிச் சிரித்தான்,
"எங்கக்கா பலகை?"
கை இரண்டும் கனம், எதைக் காட்ட?

காலுக்குக் கீழே எங்கோ
மூடி போட்ட அந்தக் கிளை வரைக்கும்
தண்ணீர் வந்து நிற்கும்.
நடு வீதியில் ஒரு நொடி நின்றேன்.
பஸ் பொறுத்திருந்தது.