நிகர எடை

எண்ணூர் நெடுஞ்சாலை எடைமேடையில்
எனக்கு ராத்திரி வேலை.
கன்டெய்னர் ஏறும், எண் எழும், சீட்டு கிழியும்.
சீட்டின் பின்பக்கம் சினிமாவுக்கு.

பழைய கறுப்பு வெள்ளை, கோர்ட் படம்:
கூண்டில் நிற்பவர் பேசி முடிப்பதற்குள்
தண்டனைக் காலமே கழிந்திருக்கும்.
ஆனாலும் சாட்சிக்கு வந்த அம்மா
மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைக்கிற இடம்,
டிக்கெட் காசு அங்கேயே தீர்ந்தது.

இரட்டை வேடம்: ஒருத்தர் போதும்.

போன தீபாவளிக்கு வந்தது:
மொத்த எடை நாற்பது டன்.
காலி வண்டி முப்பத்தொன்பதரை.

பேய்ப்படம்: பேய் நல்லா நடிச்சிருக்கு.

விருது வாங்கியது: மழை, மழை, மழை.
இங்கே அவ்வளவு பெய்தால்
கட்டில் காலுக்குச் செங்கல் வைப்போம்.
படத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

டிரைவர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள்.
தடா தாண்டியும் என் தீர்ப்பு செல்லும்.
கிளீனர் ஏசுபாதம் மட்டும் கேட்பான்,
"நீ இன்னா பெரிய ஜட்ஜா?"

நேற்று பார்த்தது எங்க ஏரியா படம்.
முப்பத்திரண்டு கொலை.
தண்ணி லாரிக்கு ஒரு குடம்கூட வரிசையில் இல்லை.
நாலெழுத்து எழுதிக் கிழிக்கலாம் என்றிருந்தேன்.
இடைவேளைக்கு முன் சிதறி ஓடும் கூட்டத்தில்
பச்சைச் சட்டை, என் தம்பி லூர்து.
வெட்டு வாங்கி விழுகிறான்.
விழுந்தபின்னும் அவன் கை
மண்ணில் எதையோ துழாவுகிறது.

சீட்டைத் திருப்பி வைத்தேன். பேனா ஓடவில்லை.
பின்னால் ஹாரன்மேல் ஹாரன்.
போன் போட்டேன்:
"செருப்பு கெடச்சுதாடா?"

"ஒண்ணு" என்றான்.