மாட்டுவண்டிக் கட்டம்

மாதவரம் ரவுண்டானாவுக்குக் கொஞ்சம் தள்ளி
பைபாஸ் ஏறும் சரிவின் உச்சியில்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடை, நான்.
மடியில் தாள். நாலு கோடு,
குறுக்கே ஒன்று போட்டால் ஐந்து.
காருக்கு ஒரு கட்டம், கண்டெய்னருக்கு ஒரு கட்டம்,
மாட்டுவண்டிக்கும் ஒன்று அச்சடித்திருக்கிறார்கள்.
மூன்று நாளாய் அது வெள்ளையாகவே இருக்கிறது.

மேலே ஓடுகிறவன் விடமாட்டான்.
கீழிருந்து ஏறுகிறவன் நிற்கமாட்டான்.
மூக்கு நுழைந்தால் இடம் நம்முது.
ஒரு வண்டி போகும் வாயில்
மணலியிலிருந்து வந்த ஐந்து மூக்குகள்.
கொஞ்ச நேரம் ஹாரன்.
அப்புறம் ஒவ்வொருவராய் இன்ஜினை அணைத்துவிட்டு
பீடி தேடுகிற சத்தம்.

நேற்று ஜெயசித்ரா மேடம் சரிவில் ஒரு விளக்கு நட்டார்.
ஒரு பச்சைக்கு ஒரு வண்டி.
"ரேஷன் கடையில மண்ணெண்ணெய் பாத்திருப்பியே,
புனல்ல அவசரமா ஊத்துனா
தரைக்குத்தானே போவும்?"

கன்னியப்பன் கண்ணாடியை இறக்கினான்.
"ரோடு காலியாத்தானே கெடக்குது, எதுக்குமா செவப்பு?"
"காலியா கெடக்கறதுக்குத்தாண்ணே செவப்பு."
அவனுக்குப் புரியவில்லை.
சொன்ன எனக்கும் பாதிதான்.

பதினொன்றேகாலுக்குச் சாலை ஓடியது.
நிஜமாகவே ஓடியது, புழல் பக்கம் வரை.
கோடு போட விரல் வலித்தது.
முந்தாநாளைவிட மணிக்கு நூற்று நாற்பது கூடுதல்.
மேடம் யாரிடமோ போனில் சிரித்தார்.
எனக்கும் கொஞ்சம் பெருமைதான், ஏன் பொய் சொல்ல.

அப்போது தங்கச்சி கூப்பிட்டாள்.
"தண்ணி லாரி இன்னும் உள்ள வரல.
எவனோ மேல லைட்டு போட்டுட்டானாம்."

நாற்காலிமேல் ஏறி நின்று பார்த்தேன்.
வரிசையின் வால் சரிவை விட்டிறங்கி
பெட்ரோல் பங்கைச் சுற்றி
எங்கள் தெருமுனைக்குள் கிடந்தது.
அதற்கும் பின்னால், அசையாத நீலத் தொட்டி.
அதற்கு அந்தப் பக்கம்
பச்சையும் ஆரஞ்சுமாய்க் குடங்கள்.

தாளைப் புரட்டிப் பார்த்தேன்.
நிற்கிறதற்குக் கட்டம் இல்லை,
போகிறதற்குத்தான்.

மாட்டுவண்டிக் கட்டத்தில்
பேனாவை வைத்தேன்.
குடம், ஒன்று.
இரண்டு. மூன்று. நாலு.
குறுக்குக் கோடு இழுக்கும்போது பச்சை விழுந்தது.
கன்னியப்பன், அடுத்த நடை,
கையை ஆட்டிவிட்டு
தனியாக, ராஜாபோல் ஏறிப் போனான்.
அவனையும் எழுதிக்கொண்டேன்.