மூன்றடைப்பு

பாளையங்கோட்டை தாண்டி
இருபது சொச்சம் கிலோமீட்டரில் அது இருமும்.
பிறகு ஒரு குலுக்கல்.
பிறகு காற்றாடிகளின் சத்தம்தான்.

இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருகினால்
ஒன்றுமே நடக்காத முகத்தோடு கிளம்பும்.
வீடு வந்து சேரும்வரை ஒரு குறை சொல்லாது.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பது என் வேலை.
சர்க்கரை நார்மல், தைராய்டு நார்மல்,
ஆள் மட்டும் வரிசையில் நிற்கும்போதே சரிந்து விழுவார்.
ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டு
அடுத்த டோக்கனைக் கூப்பிடுவேன்.
எண்பத்தேழாம் வருட பத்மினியிடம்
அப்படி நடந்துகொள்ள முடியவில்லை.

சூட்டில் பெட்ரோல் ஆவியாகி லைனில் நிற்கிறது என்றார்கள்.
பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக்கொண்டு போனேன்.
துணி காய்ந்தது. வண்டி நின்றது.
காயில் சூடேறிச் செத்துப் பிழைக்கிறது என்றார்கள்.
மேலப்பாளையத்தில் காஜா மைதீன்
பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார்,
பழைய ஸ்டாக், பிரிக்காத டப்பா.
புதுக் காயில், புது கண்டென்சர்.
பாயிண்டை உப்புத்தாளில் தேய்த்து இடைவெளி வைத்தேன்.
கார்புரேட்டரைப் பிரித்து
இட்லித்தட்டுக் குழிகளில் வரிசை மாறாமல் அடுக்கினேன்.
ஜெட்டில் ஓர் அடைப்பு. ஊதினேன்.
ஃபில்டரில் ஓர் அடைப்பு. தூக்கி எறிந்தேன்.
நின்றது,
அதே வேலிக்கருவைக்கு நேர் எதிரே.

"வள்ளியூர்ல உனக்கு யாருக்கா இருக்கா?" என்றாள் பியூலா.
யாருமில்லை.
போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.
ஏழு ஞாயிறாக அங்கே ஆறிக்கொண்டிருக்கிறது டீ.

எட்டாம் ஞாயிறு, பானட்டைத் திறந்து நிற்கையில்
ஆடு பத்திக்கொண்டு வந்தவன்
சற்று நின்று, ரொம்ப மரியாதையாகக் கேட்டான்:
"பெட்ரோல் இருக்காக்கா?"

காதுவரை சுட்டது எனக்கு.
ஏழு வாரம் கையில் கிரீஸோடு தூங்கியவளிடம்
கேட்கிற கேள்வியா?
பேசாமல் பின்னால் போய்
அவன் கண்ணுக்கு நேராகத் திருகினேன் டேங்க் மூடியை.

உஸ்ஸ்ஸ்ஸ்.

ஆடு ஒன்று மேய்ச்சலை விட்டுத் தலை தூக்கியது.
வெளியே வந்த காற்றில்லை அது,
உள்ளே போன காற்று.

"இருக்கு போல" என்று அவன் போய்விட்டான்.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன்.
குண்டூசி நுழைகிற ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில்
எம்-சீல். அதன்மேல்
யாருடையதோ கட்டைவிரல் ரேகை, அச்சுப் பிசகாமல்.
பம்ப் இழுக்க இழுக்க
டேங்கில் வெறுமை கூடிக்கூடி
ஒரு கட்டத்தில் பெட்ரோலை விடமாட்டேன் என்று
பிடித்துக்கொண்டிருக்கிறது.

வண்டியை விற்ற ஆவுடையப்பனுக்குப் போன் போட்டேன்.
"ஆமா, நான்தான் அடைச்சேன்.
கோமதி முழுகாம இருந்தா, பெட்ரோல் வாடைக்குக் குமட்டும்.
அந்தப் பய இப்ப காலேஜ் முடிக்கப் போறான்."
இத்தனை வருடம் நிற்கவே இல்லையா என்றேன்.
"டவுன் விட்டா ஜங்ஷன், ஜங்ஷன் விட்டா டவுன்.
அதத் தாண்டி நாங்க எங்க போனோம்?"

ஹேர்பின்னால் குத்தி எடுத்தேன்.
ரேகை இரண்டாக உடைந்து வந்தது.

பக்கத்தில் நெடுஞ்சாலைப் பலகை, பச்சையில் வெள்ளை எழுத்து:
மூன்றடைப்பு.
ஊருக்கு அந்தப் பெயர் வேறு எதற்கோ வந்திருக்கும்.
ஆனாலும் இரண்டோடு எண்ணுவதை நிறுத்தியது
நான்தான்.

கழற்றிப் போட்ட பழைய காயிலும் கண்டென்சரும்
அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன.
ஒரு தப்பும் செய்யாதவை.
காஜா மைதீன் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்.

வள்ளியூர் டீ சுமார்தான். சர்க்கரை தூக்கல்.

திரும்பும்போது நாங்குநேரி தாண்டியதும்
பின்னால் இடது பக்கம்
டக்.
வேகம் குறைத்தால் இல்லை.
கூட்டினால்,
டக்.

ரேடியோவை அணைத்தேன்.