போரதீவுப் பற்று

முறிந்த தொடைக்குக் கீழே கயிறு கட்டி
கப்பியால் இழுத்து
கட்டிலின் கால்மாட்டில் மண்மூட்டை தொங்கவிட்டிருக்கிறார்கள்.
"ட்ரெக்‌ஷன்" என்றா பர்ஹானா மிஸ்ஸி.
டிரக்டர் என்று கேட்டது என் மனுசனுக்கு.
"ஓம் மிஸ்ஸி, அதாலதான்" என்றார்.
சிரிக்கப் போய் வலித்தது.

மெசின் இன்னும் வெல்லாவெளி வட்டைக்குள்
அச்சுவரை சுரியில் நிற்கிறது.
இருபத்தைந்தாம் திகதி லீசிங்.
அவர்கள் சுரியையும் காலையும் கணக்கெடுப்பதில்லை.

வாய்க்கால் ரோட்டுக்குக் கிறவல் போடுங்க என்று
போன போகத்துக் கூட்டத்தில் எழும்பிக் கேட்டேன்.
குறித்துக்கொண்டார்கள்.
அதற்கு முந்திய போகமும் குறித்துக்கொண்டார்கள்.
சொல் நின்ற இடத்திலேயே சுழன்று
சேறு என் முகத்தில்தான் தெறித்தது.

விடிய ஏழு பேர் போனோம்.
வைக்கோல் போட்டோம். சுழன்றது.
கிண்ணைக் கொப்பு வெட்டிப் போட்டோம்.
அரைத்துத் தின்றுவிட்டு
இன்னும் ஒரு சாண் இறங்கியது.
புவிதரன் சொன்னான்:
"வெறும் சில்லு பிடிக்காது. பாரம் ஏத்துங்க.
காத்தையும் கொஞ்சம் திறந்து விடுங்க,
ரயர் மண்ணுல படியட்டும்."

மட்காட் இரண்டிலும் ஆள்,
பின்னால் நானும் விதைநெல் மூட்டையும்.
அவன் அவசரப்படவில்லை.
சில்லு ஒருதரம் யோசித்தது.
மறுகா பிடித்தது.

எங்கள் முகவரியிலேயே இருக்கிறது பற்று.
நல்லையா கடைக் கொப்பியிலும் இருக்கிறது,
என் பெயருக்கு நேரே பதினெட்டாயிரம்.
பற்றை விடச் சொல்லிக் கோயிலில் பேசியவர்
வந்து போனது காப்பெட் ரோட்டால்.
எங்கள் ரோட்டில் அவர் ஒருநாள்
மழைக்குப் பிறகு நடந்து பார்க்கட்டும்.

வருகிற கூட்டத்துக்கு ஏழு பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.
ஒன்றும் பேசத் தேவையில்லை,
பாரத்துக்கு.

பட்டிருப்புப் பாலம் தாண்டி
ஆசுபத்திரிக்கு வர நாலு மணி.
கழுவியும் போகாத சுரி குதிக்காலில்.
இப்பதானே துடைச்ச என்று ஏசினான் வாட்டுக்காரன்.

"வெளிய வந்திட்டா?"
"வந்திட்டு."
வேறொன்றும் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து,
"உள்ளங்கால் கடிக்குது, சொறிஞ்சு விடு."

சொறிந்தேன்.
பெருவிரல் என் உள்ளங்கையை
ஒருமுறை உந்திப் பார்த்தது.
கயிற்றின் மறுமுனையில்
மூட்டை சற்று ஆடியது.